வசனம் மாறினால் விசுவாசம் மாறுமா?

(கீரனூரில் பல திருச்சபையினரும் பிற சமயத்தாரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் ஊர்ப் பக்கம் ஒரு கிறிஸ்தவர் வீட்டில் திருமணமோ துக்கமோ என்றால் எல்லாச் சபையாரும் ஒரே பந்தலில் கூடுகிறோம். இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சேர்ந்தே சொல்லத் தொடங்குகிறோம். தீமையிலிருந்து காக்கும்படி வேண்டும் இடம் வந்ததும் கத்தோலிக்கர் ஆமென் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபையார் நிறுத்துவதில்லை. ஆட்சியும் ஆற்றலும் மாட்சியும் கடவுளுக்கே உரியவை என்று போற்றிவிட்டுத்தான் முடிக்கிறார்கள். பந்தலில் நிற்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள். இயேசு சொன்னது எது என்று கேட்கிறார்கள். அது அவர்கள் வழக்கம், இது நம் வழக்கம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

அந்தப் பதில் போதாது. மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரம் 13ஆம் வசனத்தில் இந்தப் போற்றுதல், நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கிரேக்கப் படிகளான சினாய்ப் படியிலும் வத்திக்கான் படியிலும் இல்லை. இரண்டும் கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பிற்காலத்துக் கிரேக்கப் படிகளில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. ஜெரோம் லத்தீனில் தந்த வுல்காத்தாவில் இல்லை. அதனால் கத்தோலிக்க ஜெபத்திலும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் அச்சான கிரேக்கப் பதிப்புகளில் இருந்தது. அதனால் லூத்தரின் ஜெர்மன் வேதாகமத்திலும் தரங்கம்பாடி வழியாக வந்த தமிழ் வேதாகமத்திலும் இடம் பிடித்தது. பிள்ளைகள் பந்தலில் கேட்ட வேறுபாட்டுக்குப் பின்னால் இத்தனை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

இதனால் ஏதாவது கோட்பாடு குலைந்ததா? இல்லை. தொடக்கக் காலச் சபையின் ஒழுங்கு நூலான 'திதகே'யில் இந்த ஜெபம் ஒரு போற்றுதலோடுதான் முடிகிறது. வழிபாட்டில் சொல்லிப் பழகியது படியெழுதுவோர் கை வழியே நூலுக்குள் வந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அதே கருத்துள்ள தாவீதின் ஜெபம் முதலாம் நாளாகமம் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இன்று கத்தோலிக்கத் திருப்பலியிலும், இந்த ஜெபத்தை அடுத்து குரு சொல்லும் மன்றாட்டு முடிந்ததும், மக்கள் இந்தப் போற்றுதலைச் சொல்கிறார்கள். வேறுபாடு உண்மை; விசுவாசம் ஒன்றே.

இது எளிய எடுத்துக்காட்டு. எல்லாம் இவ்வளவு எளிதில் முடிவதில்லை. நான் இன்று உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் படிகளின் வேறுபாட்டால் கிறிஸ்தவத்தின் அடிப்படைக் கோட்பாடு எதுவும் விழவில்லை. ஆனால் எந்தப் பாதிப்பும் இல்லை என்று சொல்வது உண்மையாகாது. சில ஆதார வசனங்கள் விழுந்திருக்கின்றன. சில பழக்கங்களின் அடித்தளம் ஆட்டம் கண்டிருக்கிறது. ஒரு மொழிபெயர்ப்பைப் பற்றிக்கொண்டு வளர்ந்த கோட்பாடுகளும் உண்டு. இவற்றைச் சபை மக்களிடம் மறைக்காமல் சொல்வதுதான் விசுவாசத்துக்குச் செய்யும் தொண்டு.

படிகள் ஏன் வேறுபடுகின்றன என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது ஊர் ஊராய்த் தேடிச் சேர்த்த ஏடுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஓர் ஏட்டில் ஓர் அடி விடுபட்டிருக்கும்; இன்னொன்றில் ஓரத்தில் எழுதிய குறிப்பு பாட்டுக்குள் நுழைந்திருக்கும். ஓலை கிழியும் என்று புள்ளியிடாமல் எழுதியதால் மெய்யும் உயிர்மெய்யும் மயங்கும். ஐயர் அந்தப் பாடபேதங்களை மறைக்கவில்லை, அச்சில் காட்டினார். அதனால் புறநானூற்றின் மேல் நமக்கு நம்பிக்கை கூடியதே தவிர குறையவில்லை. புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் உள்ளன. படிகள் பெருகப் பெருக வேறுபாடுகளும் பெருகும். மூலத்தைக் கண்டுபிடிக்கும் வழியும் பெருகும்.

புதிய ஏற்பாட்டைப் பின்னர்த் தமிழில் தந்த சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706 ஜூலையில். அதற்கு அடுத்த ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் மில் என்ற அறிஞர் ஒரு கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். அதில் ஏறத்தாழ 30,000 பாடபேதங்களைத் திரட்டிக் கொடுத்திருந்தார். ஐரோப்பா அதிர்ந்தது. வேதம் நம்பத்தக்கதல்ல என்று ஒரு சாரார் முழங்க, மில் வேதத்துக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று மறுசாரார் சினந்தனர். அப்போது ஜெர்மனியில் இறையியல் மாணவராக இருந்த பெங்கல் மனம் கலங்கினார். கலக்கத்தோடு நின்றுவிடாமல் பல ஆண்டுகள் படிகளை ஒப்பிட்டார். 1734இல் தாமே ஒரு பதிப்பை வெளியிட்டார். வேறுபாடுகள் அஞ்சிய அளவுக்கு இல்லை, விசுவாசத்தின் அடித்தளத்தை அவை அசைக்கவில்லை என்பது அவர் கண்ட முடிவு. தரங்கம்பாடிக்குத் தமிழ் அச்செழுத்துகளை வார்த்தனுப்பிய ஹாலே நகரின் பக்தி மரபோடு நெருங்கிய தொடர்புடையவர் அவர். ஆழ்ந்த பக்தியும் படிகளை ஆராயும் துணிவும் ஒருவரிடத்திலேயே இருக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

தமிழ் வேதாகமத்தின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சானது. அவர் 1719இல் மறைந்தபின் பழைய ஏற்பாட்டை சூல்ட்சே முடித்தார். பிறகு சென்னை வேப்பேரியில் ஃபப்ரிசியஸ், திருநெல்வேலியில் ரேனியஸ், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் துணையோடு பெர்சிவல் என்று பலர் உழைத்தார்கள். 1871இல் ஹென்றி பவர் தலைமையில் ஒருங்கிணைந்த மொழிபெயர்ப்பு வந்தது. இன்றும் சீர்திருத்தச் சபைகளின் கையில் இருப்பது அதுதான். லார்சன் முதலியோரின் திருத்தம் 1936இல் வந்தது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' 1995இல் வெளிவந்தது.

ஒவ்வொரு முறையும் எதிர்ப்பு இருந்தது. நமக்குப் பக்கத்திலுள்ள ஆவூரோடு தொடர்புடைய வீரமாமுனிவர், 1728இல் எழுதிய 'வேத விளக்கம்' என்னும் நூலில் தரங்கம்பாடியாரைக் கடுமையாக மறுத்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், பழகிய ஃபப்ரிசியஸ் நடையை மாற்றத் துணிந்தவர்களோடு போராடினார். கடவுளைக் குறிக்கும் சொல்லே சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று மாறிவந்திருக்கிறது. மக்கள் மனம் பழகிய சொல்லில் வேர் பிடித்திருந்தது. அதை நாம் மதிக்க வேண்டும். ஆனால் பழகியது என்பதாலேயே ஒரு சொல் மூலத்துக்கு உரியதாகிவிடாது.

இங்கே காலத்தைக் கவனியுங்கள். சினாய் மலையடி மடத்திலிருந்த பழம்படியின் பெரும்பகுதியை டிஷன்டார்ஃப் கண்டது 1859இல். பழம்படிகளை முதன்மையாகக் கொண்ட வெஸ்ட்காட், ஹார்ட் இருவரின் கிரேக்கப் பதிப்பு வந்தது 1881இல். பவர் குழுவின் வேதாகமமோ 1871இல் முடிந்துவிட்டது. அவர்கள் எதையும் சேர்க்கவுமில்லை, மறைக்கவுமில்லை. தங்கள் காலத்தில் வழங்கிய கிரேக்க மூலத்தை நேர்மையாக மொழிபெயர்த்தார்கள். 1995 குழுவினர் நேர்மையாக மொழிபெயர்த்தது தங்கள் காலத்து மூலத்தை. ஒரு தரப்பு வேதத்தை வெட்டிவிட்டது என்றோ மறுதரப்பு வேதத்தில் செருகிவிட்டது என்றோ பேசுவது இரு சாராருக்கும் செய்யும் அநியாயம்.

இனி, கோட்பாட்டைத் தொடும் இடங்களுக்கு வருவோம்.

முதலில் திரித்துவம். யோவானின் முதல் நிருபம் 5ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். பவர் மொழிபெயர்ப்பில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்ற மூவரும் ஒன்றாயிருப்பதாக வெளிப்படையாக இருக்கும். திருவிவிலியத்தின் வசனத்தில் அந்தத் தொடர் இராது. கிரேக்கப் படிகளில் அது மிகப் பிந்திய சிலவற்றில் மட்டுமே உள்ளது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் பதிப்பித்த எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு மூண்டது. அந்த வசனம் உள்ள கிரேக்கப் படி ஒன்று அவர் முன் வைக்கப்பட்டது. அது அவர் காலத்திலேயே எழுதப்பட்ட படி. இன்று டப்ளினில் இருக்கிறது. 1522 பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து அது ஐரோப்பிய மொழிகளுக்கும் தமிழுக்கும் பரவியது. ஐசக் நியூட்டன் 1690இல் இந்த வசனம் பிற்சேர்க்கை என்று விரிவாக எழுதினார். திரித்துவக் கோட்பாட்டை அவர் ஏற்கவும் இல்லை.

வசனத்தைப் பற்றி நியூட்டன் சொன்னது சரி. அதனால் திரித்துவம் விழுந்ததா? கி.பி. 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய சங்கங்கள் இந்தக் கோட்பாட்டை வரையறுத்தன. இயேசுவின் முழுத் தெய்வத்துவத்தை மறுத்த ஆரியுஸ் கொள்கையினரை எதிர்த்து அத்தனை நூல் எழுதிய கிரேக்கத் தந்தையர் இந்த வசனத்தை ஆதாரமாகக் காட்டவே இல்லை. அவர்கள் படிகளில் அது இல்லை. மத்தேயு நற்செய்தியின் இறுதிக் கட்டளை, யோவான் நற்செய்தியின் தொடக்கம், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவு என்று பரந்த சாட்சியத்தின்மேல் அவர்கள் கட்டினார்கள். கோட்பாடு முதலில் இருந்தது. இந்த வசனம் பிறகு வந்தது. ஆகவே வசனம் போனாலும் கோட்பாடு இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் 1979இல் வெளியிட்ட புதிய வுல்காத்தாவில் அதை விட்டுவிட்டது.

இரண்டாவது, தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் 3ஆம் அதிகாரம் 16ஆம் வசனம். மனித உடலில் வெளிப்பட்டவர் கடவுள் என்று பிற்காலப் படிகள் சொல்கின்றன. கடவுள் என்ற சொல் இல்லாமல் வெளிப்பட்டவர் என்று மட்டும் பழம்படிகள் சொல்கின்றன. கிரேக்கச் சுருக்கெழுத்தில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு சிறு கோடுகளே. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் எழுத்தில் பிரித்துக் காட்டிய வீரமாமுனிவரின் பணியை அறிந்த நமக்கு, ஒரு சிறு கோட்டின் கனம் தெரியும். பாசெல் நகர அறிஞர் வெட்ஸ்டைன் இத்தகைய ஆராய்ச்சிக்காக 1730இல் தம் பதவியையே இழந்தார். இன்று இந்த வசனத்தை மட்டும் கொண்டு இயேசுவின் தெய்வத்துவத்தை நிறுவ முடியாது. ஆனால் தோமா உயிர்த்த இயேசுவைத் தம் ஆண்டவர் என்றும் கடவுள் என்றும் அழைக்கும் யோவான் 20ஆம் அதிகாரம் எல்லாப் பெரும் படிகளிலும் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்து எடுத்துக்காட்டும் சொல்ல வேண்டும். முடிவு நாளை மகனும் அறியார் என்ற சொற்கள் மத்தேயு 24ஆம் அதிகாரம் 36ஆம் வசனத்தில் பழம்படிகளில் உள்ளன. பிற்காலப் படிகள் பலவற்றில் இல்லை. இயேசுவுக்குத் தெரியாத ஒன்று உண்டா என்று இடறியவர்கள் அதை விட்டிருக்கக்கூடும். ஆனால் மாற்கு 13ஆம் அதிகாரத்தில் அதே சொற்கள் பவர் மொழிபெயர்ப்பிலும் இருக்கின்றன. ஓரிடத்தில் விட்டாலும் உண்மை இன்னோரிடத்தில் நின்று பேசுகிறது.

பழக்கங்கள் கோட்பாட்டைவிட அதிகமாக அசைகின்றன. நம் சபைகளில் உபவாச ஜெபத்துக்குப் பெரும் இடம் உண்டு. பிசாசு ஓட்டுவதற்கு ஜெபத்தோடு உபவாசமும் வேண்டும் என்பதற்கு மத்தேயு 17ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்தைக் காட்டுவோம். சினாய்ப் படியிலும் வத்திக்கான் படியிலும் அந்த வசனமே இல்லை. மாற்கு 9ஆம் அதிகாரத்தின் இணை வசனத்திலும் அந்தப் படிகளில் ஜெபம் மட்டுமே இருக்கிறது. உபவாசம் தவறு என்று இதற்குப் பொருளல்ல. மலைப்பொழிவில் இயேசு உபவாசத்தைப் பற்றிப் பேசுகிறார். அந்தியோகியா சபை உபவாசித்தது. ஆனால் நோயாளியின் பிணி தீராதபோது, நீங்கள் போதிய அளவு உபவாசிக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தைக் குற்றப்படுத்துகிறோமே, அதற்கு இந்த வசனத்தை இனிமேல் ஆதாரமாக்க முடியாது.

மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் இதைவிடக் கனமானவை. இரு பழம்படிகளிலும் நற்செய்தி 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு முடிகிறது. உயிர்ப்பு எந்த வகையிலும் ஐயத்துக்கு உள்ளாகவில்லை. வெறுமையான கல்லறையும் தூதரின் அறிவிப்பும் அதற்கு முன்பே இருக்கின்றன. பவுலின் சாட்சி நற்செய்திகளுக்கும் முந்தியது. அந்நிய பாஷைக்கு அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரமும் கொரிந்தியர் நிருபமும் உண்டு. ஆனால் விசுவாசிகள் பாம்பைக் கையில் எடுப்பார்கள், நஞ்சைக் குடித்தாலும் தீங்கு வராது என்ற பகுதியைக் கட்டளையாக எடுத்துக்கொண்ட சபைகள் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் உண்டு. அந்த வழக்கத்தைப் பரப்பிய ஜார்ஜ் வென்ட் ஹென்ஸ்லி 1955இல் பாம்பு கடித்தே இறந்தார். படிகளின் வேறுபாடு உயிரைத் தொடும் விஷயமாகவும் ஆகலாம் என்பதற்கு இது போதும்.

இதுவரை சொன்னவை படிகளின் வேறுபாடுகள். கோட்பாட்டின் வரலாற்றை இவற்றைவிட ஆழமாகத் தொட்டவை மொழிபெயர்ப்புகள்தான்.

ரோமர் 5ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்தில் எல்லாரும் பாவம் செய்ததால் சாவு எல்லாருக்கும் வந்தது என்கிறது கிரேக்கம். தமிழ் மொழிபெயர்ப்புகளும் அப்படியே. லத்தீனிலோ, அந்த ஒருவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று படிக்க இடமிருந்தது. அகுஸ்தீன் அப்படியே படித்தார். ஆதாமின் குற்றமே பிறவியோடு ஒவ்வொருவருக்கும் வருகிறது என்ற ஜென்மபாவக் கோட்பாட்டின் மேற்கத்திய வடிவத்துக்கு இந்த வாசிப்பு பெரும் துணையானது. கிரேக்கத்தில் வாசித்த கீழைத் திருச்சபைகளில் அழுத்தம் வேறு: குற்றத்தைவிடச் சாவுக்கு உட்பட்ட நிலையே வழிவழி வருகிறது என்றார்கள்.

அமலோற்பவ மாதா சொரூபத்தில் அன்னையின் காலடியில் பாம்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆதியாகமம் 3ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தில் பாம்பின் தலையை நசுக்குவது பெண்ணின் வித்து என்பது எபிரேயம். வுல்காத்தா வழங்கிவந்த வடிவத்தில் நசுக்குவது அந்தப் பெண்ணே. சொரூபத்துக்கு அந்த லத்தீன் வடிவம் உருக்கொடுத்தது. 1979 புதிய வுல்காத்தா எபிரேயத்தோடு இணங்கித் திருத்திக்கொண்டது. மரியன்னை பக்தி அதனால் அழியவில்லை. மீட்பில் அன்னையின் பங்கைக் கத்தோலிக்கர் லூக்கா நற்செய்தியிலிருந்தும் மரபிலிருந்தும் எடுத்துரைக்கிறார்கள்.

எசாயா 7ஆம் அதிகாரம் 14ஆம் வசனத்தில் பவர் மொழிபெயர்ப்பு கன்னிகை என்கிறது. திருவிவிலியம் இளம்பெண் என்கிறது. எபிரேயச் சொல் இளம்பெண்ணைக் குறிப்பது. கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பு கன்னி என்று தந்தது. மத்தேயு அதையே எடுத்தாண்டார். 1952இல் அமெரிக்காவில் ஒரு புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு இளம்பெண் என்று போட்டதற்காக ஒரு போதகர் அந்தப் பக்கத்தைக் கிழித்து எரித்தார். ஆனால் மத்தேயு 1ஆம் அதிகாரமும் லூக்கா 1ஆம் அதிகாரமும் கன்னிப்பிறப்பை நேரடியாகவே சொல்கின்றன. எரித்தவர் காக்க நினைத்தது யாராலும் தாக்கப்படாத ஒன்று.

நூல்களின் பட்டியலையும் விட்டுவிட முடியாது. சீர்திருத்தச் சபைகளுக்கு 66 நூல்கள், கத்தோலிக்கருக்கு 73. இறந்தோருக்காக வேண்டுதல் செய்யும் மக்கபேயர் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரம் ஒருவருக்கு வேதம், மற்றவருக்கு வேதமல்ல. கத்தோலிக்கப் பட்டியலை 1546இல் திரிதெந்து சங்கம் உறுதிசெய்தது. இங்கே கேள்வி, படியில் என்ன எழுத்து இருக்கிறது என்பதல்ல. எது வேதம் என்று முடிவுசெய்யும் அதிகாரம் யாருக்கு என்பதே. சபைகளை இன்றும் பிரித்து வைத்திருப்பவை பெரும்பாலும் இத்தகைய கேள்விகள்.

படிகளின் ஆராய்ச்சியோ சபைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. 1968இல் வத்திக்கானும் உலக வேதாகமச் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து மொழிபெயர்ப்பதற்கான நெறிமுறைகளை வகுத்தன. கத்தோலிக்க அறிஞரும் சீர்திருத்த அறிஞரும் சேர்ந்து பதிப்பித்த ஒரே கிரேக்க மூலத்தை இன்று உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். நம் திருவிவிலியம் அந்த உடன்பாட்டின் கனி. எடுத்துக்காட்டாக, மனந்திரும்பும்படி இயேசு விடுத்த முதல் அறைகூவலை எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீன் வடிவத்தைத் தவமுயற்சி செய்யுங்கள் என்றும் படிக்கலாம். கிரேக்கச் சொல் உள்ளத்தின் திருப்பத்தைக் குறிக்கிறது என்ற உணர்வு லூத்தரை உலுக்கியது. 1517இல் அவர் வெளியிட்ட முழக்கத்தின் முதல் வாசகமே இதைப் பற்றியது. இன்று பவர் மொழிபெயர்ப்பு மனந்திரும்பச் சொல்கிறது, திருவிவிலியம் மனம் மாறச் சொல்கிறது. ஐந்நூறு ஆண்டுச் சண்டையின் ஒரு முனை தமிழில் ஆறியிருக்கிறது.

இஸ்லாமிய நண்பர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்: உங்கள் வேதம் மாற்றப்பட்டது உண்மைதானே? ஒரு புள்ளிகூட மாறவில்லை என்று மேடையில் முழங்குவோர் நம்மிடையே உண்டு. அது உண்மையல்ல, உண்மையல்லாததைச் சொல்லி உண்மையான கடவுளைக் காக்க முடியாது. ஆம், படிகள் வேறுபடுகின்றன. எங்கெங்கே என்பதை நாங்களே அச்சிட்டு வைத்திருக்கிறோம். வாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்று சொல்வதே கிறிஸ்தவருக்குத் தகும் பதில்.

ஆயர்களுக்கும் குருக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடிக்குறிப்பைப் பிரசங்க மேடையில் வாசியுங்கள். 1 யோவான் 5ஆம் அதிகாரத்தைப் பேசும் நாளில் அந்த வசனத்தின் வரலாற்றையும் சொல்லுங்கள். ஞாயிறு பள்ளியிலும் மறைக்கல்வி வகுப்பிலும் இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பிள்ளைகள் முன் வையுங்கள். சபையில் கேட்காததை அவர்கள் நாளை கைப்பேசியில் பகை உள்ளவர் வாயிலாகக் கேட்பார்கள்; அப்போது வசனத்தின்மேல் வரும் ஐயம், மறைத்த நம்மேல் வரும் ஐயமாகும். விசுவாசிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரே ஒரு வசனத்தைக் காட்டி ஒரு கோட்பாட்டையோ கட்டளையையோ யாராவது சுமத்தினால், இது வேறெங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நிசேயாவின் தந்தையர் கேட்ட கேள்வி அது. அதைக் கேட்கும் உரிமை கீரனூரில் ஞாயிறுதோறும் வேதத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.